இழுக்கக்கூடிய பாரம்

எசன்
4 செப்டம்பர் 2006

அன்புள்ள அண்ணைக்கு,

என் கையெழுத்தைக் கண்டதும் கடிதத்தைத் திறக்காமலே வைத்துவிடுவீர்களோ என்ற பயத்தோடுதான் எழுதுகிறேன். மூத்தவள் ஆரணி பெரியபிள்ளையான சாமத்தியவீட்டு மண்டபத்தில் நீங்கள் பாதிச் சாப்பாட்டில் எழும்பிப் போன பிறகு எங்களுக்குள் ஒரு பேச்சும் இல்லை. இரண்டு வருடமாகிறது. போன் எடுத்திருக்கலாம். ஆனால் இவர் பக்கத்தில் இருக்கும்போது உங்களோடு கதைக்க முடியாது. இவர் பக்கத்தில் இல்லாத நேரம் என்று இப்போது ஒன்று இல்லை.

ஒரு யோசனை கேட்கத்தான் எழுதுகிறேன். நாங்கள் ஒரு வோன்வாகன் வாங்கியிருக்கிறோம். வாகனத்துக்குப் பின்னால் கொழுவி இழுத்துக்கொண்டு போகிற வீடு. சின்னது இல்லை; இரண்டு அச்சு, நாலு சில்லு. இங்கே ரூர் ஆற்றங்கரையில் ஒரு காம்பிங் இடத்தில் நிற்கிறது. விற்ற மனிசனே இழுத்துக்கொண்டு வந்து விட்டவர். ஒக்டோபர் முடிய அந்த இடத்தைப் பூட்டிவிடுவார்களாம். அதற்குள் வேறிடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். எங்கள் பழைய கார் அதை அசைக்கவும் மாட்டாது.

இவருக்கு டபிள் கெப் வேண்டும் என்று ஆசை. உள்ளே ஐந்து பேர் இருக்கலாம், பின்தட்டில் சாமான் ஏற்றலாம், கொழுக்கியில் வோன்வாகனையும் இழுக்கலாம். இரண்டு வண்டி பார்த்து வைத்திருக்கிறார். ஒன்று வெள்ளை. ஊரில் அரச அதிபர் போகிற வண்டி மாதிரிப் பளபளவென்று இருக்கிறது. மற்றது பச்சை, பழசு, ஒரு கதவு நசுங்கியிருக்கிறது, ஆனால் பலமானதென்று சொல்கிறார்கள். இவருக்கு வெள்ளையில்தான் கண்.

நீங்கள் தோட்ட வேலைக் கொம்பனியில் ஒவ்வொரு நாளும் டபிள் கெப்பில் மெஷின்களை இழுத்துக்கொண்டு திரிகிறவர். எதை வாங்கினால் பிழைக்காது என்று எழுதுங்கள். விடுமுறைக்குப் போய்வரத்தான். பிள்ளைகள் இரண்டு பேருக்கும் ஆசை.

பதிலை உறையின் பின்னால் இருக்கும் கலாதேவி அக்காவின் விலாசத்துக்குப் போடுங்கள். எங்கள் தபால்பெட்டி சரியில்லை. அண்ணிக்கு என் அன்பு. சண்டையில் யாழ்ப்பாணத்துக்குப் பாதை பூட்டின பிறகு அம்மாவோடு கதைக்கக் கிடைத்ததா?

உங்கள் தங்கச்சி
குமுதினி


லைப்சிக்
11 செப்டம்பர் 2006

தங்கச்சி குமுதினிக்கு,

உன் கடிதத்தைத் திறக்காமல் வைப்பதற்கு நான் என்ன மிருகமா? உன் அண்ணி பிளோறன்ஸ்தான் தபாலை எடுத்து வந்தாள். "இஞ்சை பாருங்கோ, உங்கடை தங்கச்சியின்ரை எழுத்து" என்றாள். சப்பாத்தைக் கழற்றாமல் வாசலில் நின்றபடியே வாசித்தேன்.

முதலில் அலுவலைச் சொல்கிறேன். நிறம் பார்த்து வண்டி வாங்க வேண்டாம் என்று உன் புருசனுக்குச் சொல். எந்த வண்டியானாலும் அதன் பதிவுப் பத்திரத்தில் எவ்வளவு பாரம் இழுக்கலாம் என்று எழுதியிருக்கும். வோன்வாகன் முழுச் சாமானோடும் நிறுக்கிற நிறையைவிட அந்த இலக்கம் கூடவாக இருக்க வேண்டும். வெறும் வோன்வாகனின் நிறையை வைத்துக் கணக்குப் பார்க்கிறவனுக்கு மலை இறக்கத்தில்தான் விளங்கும். பின்னால் வருவது முன்னால் போவதைத் தள்ளத் தொடங்கும்.

சாமான் அடுக்குவதிலும் கவனம். பாரமானதைப் பின்மூலையில் வைத்தால் கொழுக்கி மேலே கிளம்பும், வோன்வாகன் பாம்பு மாதிரி நெளியும். அச்சுக்கு நேரே, நிலத்தோடு வைக்க வேண்டும். இன்னொன்று, டபிள் கெப் காராகப் பதிந்ததா லொறியாகப் பதிந்ததா என்று கட்டாயம் கேள். லொறி என்றிருந்தால் ஞாயிற்றுக்கிழமை பின்னால் ஒன்றைக் கொழுவிக்கொண்டு றோட்டில் ஏற முடியாது. பொலிஸ் மறிப்பான். விடுமுறைக்குப் போகிறவர்களுக்கு ஞாயிறு இல்லாவிட்டால் அது என்ன விடுமுறை?

எல்லாவற்றுக்கும் முதல் வோன்வாகனை லொறித் தராசில் ஏற்றி நிறுத்துப் பாருங்கள். பிறகு வண்டியைப் பற்றிக் கதைக்கலாம்.

இனி மற்றது. அந்த மண்டபத்தில் நான் கதைத்தது உனக்கு மறந்திருக்காது. பக்டரி வேலையை விட்டுவிட்டுச் சாப்பாட்டுக்கடை திறக்கப்போகிறேன் என்று உன் புருசன் சொன்னதும், "என்ரை தங்கச்சியை நடுத்தெருவிலை விடப்போறீர்" என்று அத்தனை சனத்துக்கு முன்னால் சொன்னேன். அது எனக்கு இவ்வளவு நாளும் தொண்டையில் நின்றது. நீங்கள் வோன்வாகன் வாங்கியிருக்கிறீர்கள் என்று வாசித்தபோது வெட்கமாகவும் இருந்தது, சந்தோசமாகவும் இருந்தது. என் வாய் பொய்த்துப்போனது. நேற்று இங்கே கூடியிருந்த எங்கள் ஆட்களிடம் நானாகவே போய்ச் சொன்னேன்: "என்ரை தங்கச்சி குடும்பம் வோன்வாகனிலை ஐரோப்பா சுத்தப்போகுது."

அம்மாவோடு ஒருமுறை கதைக்கக் கிடைத்தது. அவவுக்கும் சொல்லிவிட்டேன். கேட்டுச் சிரித்தா.

அண்ணை
விமலநாதன்


எசன்
25 செப்டம்பர் 2006

அன்புள்ள அண்ணைக்கு,

உங்கள் கடிதத்தில் வண்டியைப் பற்றி இருந்ததை மட்டும் இவருக்கு வாசித்துக் காட்டினேன். கலாதேவி அக்காவின் தெரிந்த ஆள் ஒருவர் சொன்னதென்று சொன்னேன். ஞாயிற்றுக்கிழமையும் பொலிசும் வந்த இடத்தில் பிடித்துவிட்டார். "இது உன்ரை கொண்ணையின்ரை கதையெல்லோ" என்று சொல்லிவிட்டு எழும்பி ஆற்றுப் பக்கம் போய்விட்டார்.

ஆனால் அடுத்த நாளே பச்சை வண்டிக்காரருக்குப் போன் எடுத்தார். அவர் குதிரை வளர்க்கிற ஒரு ஜெர்மன் கிழவர். நல்ல மனிசன். தன் வண்டியைக் கொண்டுவந்து, வோன்வாகனைக் கொழுவி, ஒரு கல்லுக்கிடங்கின் தராசுக்கு இழுத்துக்கொண்டு போனார். நாங்களும் பின்னால் போனோம்.

நீங்கள் சொன்னதுபோலத்தான். வோன்வாகனின் பத்திரத்தில் அனுமதித்திருப்பதைவிட அரைத் தொன் கூட. தராசில் நின்ற பெடியன் சிரித்துக்கொண்டு, உள்ளே என்ன கல்லா என்று கேட்டான். இவர் குனிந்து சில்லைப் பார்த்தார். ஆரணிதான் ஜெர்மனில் சட்டென்று, "விடுமுறைச் சாமான்" என்றாள். பதினைந்து வயதில் இவ்வளவு கெதியாகப் பொய் சொல்ல அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று

இந்த வரியை விட்டுவிடுங்கள். நாங்கள் கொஞ்சம் கூடத்தான் ஏற்றிவிட்டோம், அவ்வளவுதான்.

வெள்ளை வண்டியால் இந்தப் பாரத்தை இழுக்க முடியாது, பத்திரத்தைப் பார்த்துவிட்டோம். பச்சை இழுக்கும். ஆனால் அது லொறியாகத்தான் பதிந்திருக்கிறது. நசுங்கிய கதவைப் பார்க்க இவருக்கு மனமில்லை. ஆட்கள் என்ன நினைப்பார்கள் என்கிறார். பச்சையை வாங்கினால் இந்தப் பாரத்தோடு பயப்படாமல் போகலாமா? அதை மட்டும் எழுதுங்கள்.

அம்மாவுக்கு ஏன் சொன்னீர்கள் அண்ணை? இனி ஒருவருக்கும் சொல்லாதீர்கள். கண்பட்டுவிடும்.

குமுதினி


லைப்சிக்
30 செப்டம்பர் 2006

தங்கச்சி,

பச்சையை வாங்குங்கள். கதவு நசுங்கியிருந்தால் என்ன, பத்திரத்தில் இருக்கிற இலக்கம் நசுங்கவில்லை. ஆனால் அதாலும் முழுப் பிரச்சினை தீராது. வண்டி எவ்வளவு பலமானாலும் வோன்வாகனின் சொந்த அச்சு தாங்கக்கூடிய நிறை ஒன்றிருக்கிறது. அதற்குமேல் ஏற்றினால் டயர் வெடிக்கும். அந்த அரைத் தொன்னை வெளியே எடுத்தே ஆகவேண்டும்.

இனி நான் கேட்பதற்கு நீ பதில் சொல். விடுமுறைக்குப் போகிறவர்கள் உடுப்பு கொண்டுபோவார்கள், சட்டி பானை கொண்டுபோவார்கள். அரைத் தொன் எங்கிருந்து வந்தது? எத்தனையோ வருடமாகப் பாரம் இழுத்துத் திரிகிறவன் நான். உன் கடிதத்தைப் படித்துவிட்டு வேலைக்குப் போனேன். நாள் முழுக்க அந்த அரைத் தொன் என் தலைக்குள் இருந்தது.

பின்னேரம் உன் வீட்டு இலக்கத்துக்குப் போன் அடித்தேன். அந்த இலக்கம் பாவனையில் இல்லை என்று ஒரு குரல் சொன்னது. கடை இலக்கத்துக்கு அடித்தேன். அதே குரல்.

குமுதினி, நீங்கள் எங்கே படுத்தெழும்புகிறீர்கள்?

பதில் வராவிட்டால் நானே வருவேன்.

அண்ணை


எசன்
16 ஒக்டோபர் 2006

அண்ணை,

நான் பதில் எழுதவில்லை. நீங்கள் வந்தீர்கள். வந்ததை நீங்கள் எழுதுவீர்கள் என்று இரண்டு நாள் பார்த்திருந்தேன். எழுதவில்லை. ஆகவே நான் எழுதுகிறேன்.

சனிக்கிழமை காலை ஆரணி கக்கூஸ் பெட்டியை ஊற்றக் கொண்டுபோனாள். வோன்வாகனுக்கு அடியில் ஒரு பெட்டி இருக்கும், அது நிறைந்தால் காம்பிங்கின் கேற்றடியில் இருக்கிற குழியில் கொண்டுபோய் ஊற்ற வேண்டும். திரும்பி வந்தவள் சாப்பிடவில்லை. பின்னேரம் சின்னவள் வெளியே விளையாடப் போன பிறகுதான் என்னிடம் சொன்னாள்: "மாமா வந்தவர் அம்மா. வண்டி லைப்சிக் இலக்கம். கேற்றடியிலை வண்டியை நிப்பாட்டிப்போட்டு இருந்தவர். என்னைக் கண்டிட்டு றிவேர்ஸ் எடுத்துக்கொண்டு போட்டார்."

வேறு யாராவது இருக்கும் என்றேன். "அம்மா, எனக்கு மாமாவைத் தெரியாதோ?" என்றாள்.

அந்தப் பெட்டியை அவள் மே மாதத்திலிருந்து தூக்குகிறாள். ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. பக்கத்து வோன்வாகன் ஜெர்மன் பெண்களோடு பகிடி விட்டுக்கொண்டு போவாள். சனிக்கிழமைக்குப் பிறகு அதைத் தொடமாட்டேன் என்கிறாள். இருட்டின பிறகு இவர்தான் கொண்டுபோகிறார். வெட்கம் என்ற ஒன்றை அந்தப் பிள்ளைக்கு நாங்கள் கொடுக்கவில்லை அண்ணை. நீங்கள் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள்.

இனி மறைக்க என்ன இருக்கிறது? ஓம், நாங்கள் நாலு பேரும் இதற்குள்தான் இருக்கிறோம். கடை பூட்டியாயிற்று. வீடும் போயிற்று. எங்கள் வதிவிடப் பதிவு கலாதேவி அக்காவின் விலாசத்தில். நீங்கள் கேட்ட அரைத் தொன், கடையின் கிரைண்டரும் இரும்புத் தோசைக்கல்லும் சமைக்கிற பெரிய கிடாரங்களும். கட்டிலுக்குக் கீழே அடுக்கி வைத்திருக்கிறார். விற்கச் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அதற்கு மேல்தான் பிள்ளைகள் படுக்கிறார்கள்.

நீங்கள் மண்டபத்தில் சொன்னது பலித்துவிட்டது என்று நானே என் கையால் உங்களுக்கு எழுத வேண்டுமா? அந்த வெட்கத்தில்தான் விடுமுறை என்று எழுதினேன். நீங்கள் அதை ஊரெல்லாம் சொன்னீர்கள், அம்மாவுக்கும் சொன்னீர்கள். அதைத் திருத்தவும் எனக்கு வழியில்லாமல் போனது.

நான் உங்களிடம் உதவி கேட்கவில்லை. எந்த வண்டி வாங்கலாம் என்று மட்டும் கேட்டேன். பான் நகருக்குப் பக்கத்தில் ஒரு மரக்கறி மொத்த வியாபாரியிடம் இவருக்கு நவம்பரிலிருந்து வேலை சரிவந்திருக்கிறது. சொந்தப் பிக்கப் இருந்தால்தான் எடுப்பார்களாம். அங்கே மாரிக் குளிரிலும் பூட்டாத காம்பிங் ஒன்று இருக்கிறது. அதற்காகத்தான் டபிள் கெப்.

குமுதினி


லைப்சிக்
19 ஒக்டோபர் 2006

தங்கச்சி,

மூன்று தாளைக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

நான் வந்தேன். கலாதேவி அக்காவிடம் போய்க் கேட்டேன். அவ சொல்ல மாட்டேன் என்று நின்றா, பிறகு அழுதுகொண்டு இடத்தைச் சொன்னா. பின் சீற்றில் பிளோறன்ஸ் சுட்ட கேக் இருந்தது. வழி முழுக்க உன் புருசனிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். கேற்றடியில் நிறுத்தினபோது ஆரணி அந்தப் பெட்டியோடு வந்தாள். நல்லாய் வளர்ந்துவிட்டாள். முதலில் எனக்கு ஆள் பிடிபடவில்லை. பிடிபட்டதும் என் கை தானாகவே கியரைப் போட்டது.

இப்போது நான் இறங்கினால் பிள்ளைக்கு வெட்கமாகிவிடும், அதனால்தான் போகிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். பாதி வழியில் இருக்கிற காசெல் வரைக்கும் அதையே சொல்லிக்கொண்டு ஓடினேன். காசெலைத் தாண்டியதும் அந்தப் பொய் ஓடவில்லை. வெட்கப்பட்டது நான்தான். ஐரோப்பா சுற்றப்போகிறார்கள் என்று அத்தனை பேருக்குச் சொன்ன வாயோடு நான் எப்படி இறங்குவேன்? இறங்கினால் மண்டபத்தில் சொன்னதும் உண்மையாகிவிடும், அதற்குப் பிறகு சொன்னது பொய்யாகிவிடும். இரண்டையும் ஒரு பிள்ளையின் முகத்தில் பார்க்க என்னால் முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பிளோறன்ஸ், "பிள்ளையளைப் பாத்தனீங்களோ?" என்றாள். ஒருவரும் இருக்கவில்லை என்றேன். கேக்கைத் திருப்பிக் கொண்டுவந்து மேசையில் வைத்தேன். அவள் அதை வெட்டவும் இல்லை, எறியவும் இல்லை. உன் கடிதம் வந்த பிறகு உண்மையைச் சொன்னேன். அவள் அன்றைக்கு என்னோடு சாப்பிடவில்லை.

எங்கள் வீட்டு மேல்மாடி சும்மா கிடக்கிறது. வாருங்கள் என்று எழுத எனக்கு ஆசை. நீங்கள் வரமாட்டீர்கள் என்றும் தெரியும், வேலை பான் பக்கம் இருக்கும்போது வரத் தேவையும் இல்லை. ஆகவே ஒன்றை மட்டும் கேட்கிறேன். நீங்கள் வோன்வாகனை மாற்றுகிற நாளில் என்னை வரவிடு. வண்டி ஓடுவது அவரே ஓடட்டும். நான் அவருக்கு ஒன்றும் சொல்லித்தர மாட்டேன். கிரைண்டரையும் கிடாரங்களையும் என் வண்டியின் பின்தட்டில் ஏற்றிக்கொண்டு பின்னால் வருகிறேன். அந்த அரைத் தொன்னை நான் கொண்டுவருகிறேன். பச்சை வண்டி லொறிப் பதிவு என்பதால் சனிக்கிழமையாகப் பாருங்கள்.

அவரிடம் நீ எனக்காகக் கேட்காதே. நான் கேட்டதாகச் சொல்.

ஆரணிக்கு என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

அண்ணை


எசன்
23 ஒக்டோபர் 2006

அண்ணை,

இந்த முறை உங்கள் கடிதத்தை முழுவதுமாக இவரிடம் கொடுத்துவிட்டேன். வோன்வாகன் படியில் குந்தியிருந்து இரண்டு தரம் வாசித்தார். கடையைப் பூட்டின நாளில்கூட நான் காணாத ஒரு முகத்தோடு இருந்தார். பிறகு மடித்துத் தந்துவிட்டு, "வரச்சொல்லு. ஆனால் நான்தான் ஓடுவன்" என்றார்.

பச்சை வண்டியை வாங்கியாயிற்று. நசுங்கிய கதவை அவரே அரைநாள் இருந்து தட்டினார். இன்னும் நசுங்கித்தான் இருக்கிறது.

28ஆம் திகதி, சனிக்கிழமை. காலையில் வாருங்கள்.

நீங்கள் வருவதை ஆரணியிடம் சொன்னேன். நான் அவளை வற்புறுத்த மாட்டேன், நீங்களும் அவளிடம் ஒன்றையும் எதிர்பார்க்க வேண்டாம்.

குமுதினி


லைப்சிக்
30 ஒக்டோபர் 2006

அன்புள்ள தங்கச்சி,

சுகமாக வந்து சேர்ந்தேன். அன்றைக்கு நீ நின்ற நிலையில் உன்னோடு ஆறுதலாகக் கதைக்க முடியவில்லை. நீ பார்க்காததும் கேட்காததும் சில இருக்கிறது. அதைத்தான் எழுதுகிறேன்.

காலையில் நான் இறங்கி வந்தபோது உன் புருசன் கிரைண்டரைத் தனியே கட்டிலுக்குக் கீழிருந்து இழுத்துக்கொண்டிருந்தார். நான் வாசலில் நின்றேன். உள்ளே வரவா விடவா என்று தெரியவில்லை. நிமிர்ந்து பார்த்தார். "பிடியுங்கோ" என்றார். இரண்டு வருடத்துக்குப் பிறகு எங்களுக்குள் வந்த முதல் சொல் அது. பிடித்தேன். அந்தப் பாரத்தை அவர் பிள்ளைகளின் கட்டிலுக்குக் கீழே ஏன் வைத்திருந்தார் என்று தூக்கும்போதுதான் விளங்கியது. தூசி தட்டி, ஒவ்வொரு பாகத்தையும் துணியால் சுற்றி வைத்திருந்தார். நாளைக்கே கடை திறக்கப்போகிறவர் மாதிரி. அந்தக் கடையை நான் ஒருநாளும் வந்து பார்க்கவில்லை, குமுதினி. அவர் கையால் ஒரு தோசை தின்னவில்லை. கிடாரத்தைத் தூக்கிக்கொண்டு நின்றபோதுதான் இதை நினைத்தேன்.

வோன்வாகனைக் கொழுவி முடித்ததும் கொழுக்கியை ஒருதரம் ஆட்டிப் பார்க்கச் சொல்ல என் நாக்கு துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவர் வண்டியில் ஏறப் போனவர், தானாகவே திரும்பி வந்து குனிந்து ஆட்டிப் பார்த்தார். இரண்டு தரம்.

பின்னால் வருகிறவனுக்கு முன்னால் போகிற டபிள் கெப் தெரியாது. வோன்வாகனின் முதுகு மட்டும்தான் தெரியும். லொறிக்காரர்கள் ஹோர்ண் அடித்துக்கொண்டு எங்களை முந்தினார்கள். அவர் அவசரப்படவில்லை. ஒரு இடத்திலும் வோன்வாகன் நெளியவில்லை.

கொலோன் நகரம் வர முன்னம் ஓய்விடத்தில் நிறுத்தினோமே. நீ சின்னவளைக் கூட்டிக்கொண்டு கக்கூசுக்குப் போயிருந்தாய். ஆரணி பச்சை வண்டியால் இறங்கி நேரே என்னிடம் வந்து மற்றப் பக்கக் கதவைத் திறந்தாள். காலையிலிருந்து என்னை நிமிர்ந்தும் பாராதவள்.

"மாமா, அதுக்குள்ளை இடம் காணாது. உங்களோடை வாறன்."

ஐந்து பேர் இருக்கிற வண்டியில் நீங்கள் நாலு பேர். சீற்றில் கிடந்த கையுறையை எடுத்து இடம் விட்டேன்.

கனதூரம் போன பிறகு முன்னால் பார்த்துக்கொண்டே கேட்டாள். "அண்டைக்கு ஏன் மாமா இறங்கேல்லை?"

"வெக்கமாப் போச்சு, பிள்ளை."

"என்னைப் பாத்தோ?"

"இல்லையம்மா. என்னை நினைச்சு."

அவள் அதை நம்பினாளா என்று தெரியவில்லை. யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்தப் பக்கம் பார்த்தபடியே மெல்லமாகச் சொன்னாள்:

"எனக்குக் கை காட்ட ஏலாமப் போச்சு மாமா. ரெண்டு கையிலையும் பெட்டி. வைச்சிட்டுக் காட்டுவம் எண்டு குனிஞ்சனான், அதுக்கிடையிலை நீங்கள் போட்டீங்கள். நான் கை காட்டாததாலை கோவமோ எண்டு நினைச்சன்."

இத்தனை நாளும் அந்தப் பிள்ளை அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். உனக்கும் அதைச் சொல்லவில்லை. என் வெட்கத்தைப் பற்றி உனக்கு எத்தனையோ வரி எழுதினேன். அவள் தன்னில்தான் பிழை என்று நினைத்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்திருக்கிறாள்.

எனக்கு றோட்டு மங்கலாகத் தெரிந்தது. ஓட்டோபான் நெடுஞ்சாலையில் அப்படி நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது. முன்னால் உன் புருசன் வேகத்தைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அந்த வோன்வாகனின் முதுகை விட்டுக் கண்ணை எடுக்காமல் அவருக்குப் பின்னாலேயே ஓடினேன். ஆரணி என் தோளில் சாய்ந்து நித்திரையாகிவிட்டாள்.

அண்ணை
விமலநாதன்